போகிப் புகை ஏன் மேலே போவதில்லை?

– இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (வேதியியல்)

மார்கழியின் கடைசி நாள் போகி. அரையாண்டு விடுமுறையும் கிறிஸ்துமசும் புத்தாண்டும் கழிந்து, பள்ளிகள் சில நாள் நடந்து, மீண்டும் பொங்கலுக்கென்று மூடும் வேளை அது. வீட்டுக்கு வெள்ளையடித்தாகிவிடும், பரணில் கிடந்த பழம்பொருள்கள் கீழே இறங்கிவிடும். விடியற்காலை நான்கு மணிக்கே சிறுவர்கள் போகி மேளத்தைக் கொட்டத் தொடங்குவார்கள். சென்னையிலும் அதை அடுத்த வட மாவட்டங்களிலும் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்த மேளச் சத்தத்தையும், அதைத் தொடர்ந்து மூக்கில் ஏறும் நெடியையும் பிரித்துப் பார்க்கவே இயலாது.

மூன்று ஆண்டுகளுக்கு முன், நான் மேல்நிலை இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது, போகியன்று காலை என் ஆயா என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். (எங்கள் பக்கத்தில் பாட்டியை ஆயா என்றுதான் அழைப்போம்.) அவருக்கு இழுப்பு நோய் உண்டு. கதவு, சன்னல் எல்லாவற்றையும் சாத்தி, நிலைப்படியின் கீழ் ஈரச் சாக்கைச் செருகியிருந்தோம். அப்படியும் அறைக்குள் மஞ்சளாகப் புகை மிதந்தது. "புகைன்னா மேலதானேடா போவணும்? இது ஏன்டா என் வூட்டுக்குள்ள வருது?" என்று மூச்சுக்கு மூச்சு நிறுத்திக் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அடுத்த அரைமணி நேரத்தில் அவரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினோம். முன்விளக்கைப் போட்டும் பத்தடிக்கு மேல் பாதை தெரியாமல், ஓட்டுநர் தலையை வெளியே நீட்டியபடியே ஓட்டினார். மருந்தை ஆவியாக முகத்தில் பிடித்தார்கள், ஆயா பிழைத்துக்கொண்டார். கேள்வி மட்டும் என்னிடமே நின்றுவிட்டது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். இந்த ஒரு கேள்விக்காவது விடை சொல்லாவிட்டால் நான் படிக்கும் படிப்புக்கு என்ன பொருள்?

ஆயா கேட்டதில் பிழையே இல்லை. சூடான காற்று இலேசானது, அது மேலெழும். ஆனால் எதுவரை எழும் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. மேலே போகப்போக அழுத்தம் குறைவதால் எழும் காற்று விரிகிறது, விரிவதால் குளிர்கிறது. வறண்ட காற்றானால் 100 மீட்டர் உயர்ந்தால் ஏறத்தாழ 1 டிகிரி செல்சியஸ் குளிரும். தன்னைச் சுற்றியுள்ள காற்றைவிட அது வெப்பமாக இருக்கும் வரையில் ஏறும், சமமானதும் நின்றுவிடும். பகல் வேளையில் வெயில் பட்டுத் தரை சூடேறியிருக்கும். தரையை ஒட்டிய காற்று வெப்பமாகவும் மேற்காற்று குளிர்ந்தும் இருக்கும். அப்போது புகை ஒரு கிலோமீட்டர் உயரத்துக்குங்கூடத் தாராளமாகப் போய்க் கலைந்துவிடும்.

தை பிறக்கும் முன்னுள்ள இரவுகளில் நிலைமை தலைகீழ். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் தெளிந்திருக்கும். இரவு நீண்டது, காற்று அசைவதே இல்லை. மேகப் போர்வை இல்லாததால் தரை தன் வெப்பத்தை விண்ணுக்கு இழந்து விரைவில் குளிர்கிறது. அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்றும் உடன் குளிர்கிறது. அதற்கு மேலே உள்ள காற்றோ அத்தனை குளிர்வதில்லை. ஆக, கீழே குளிர்ந்த காற்று, மேலே வெப்பக் காற்று. இதை வெப்பநிலைத் தலைகீழ் மாற்றம் என்பார்கள். தெருவில் மூட்டிய நெருப்பின் புகை ஏறத்தான் செய்கிறது. ஏறும்போதே குளிர்ந்து, மேலே உள்ள வெப்பக் காற்றை எட்டியதும் அதைவிடக் கனமாகி, அதற்குமேல் போக வழியின்றிப் பக்கவாட்டில் படர்கிறது. சோற்றுப் பானைக்கு மூடி போட்டாற்போல ஊரின்மேல் ஒரு மூடி. அது சில வேளைகளில் நூறு, இருநூறு மீட்டர் உயரத்திலேயே அமைந்துவிடும். இரவு முழுவதும் இறுகிய அந்த மூடி மிகக் கெட்டியாக இருக்கும் நேரம், கதிரவன் எழுவதற்குச் சற்று முன். நாம் நெருப்பு வைக்கும் நேரமும் அதுவே!

சந்தேகம் உள்ள நண்பர்கள் மார்கழியில் ஒரு நாள் விடியலில் எழுந்து செங்கற் சூளையையோ நெல் அரவை ஆலையின் புகைபோக்கியையோ பாருங்கள். புகை கொஞ்சம் ஏறி, பிறகு வேட்டி விரித்ததுபோல் தட்டையாக நீண்டு கிடக்கும். ஒன்பது, பத்து மணிக்கு அதே புகை நேராக மேலே போகும். ஆலையும் மாறவில்லை, புகையும் மாறவில்லை. மூடி திறந்துவிட்டது, அவ்வளவுதான்.

இதோடு பனியும் சேர்கிறது. விடியலில் காற்றில் ஈரம் நிறைந்திருக்கும். நீராவி துளியாகத் திரள்வதற்கு ஏதாவது ஒரு துகள் வேண்டும். புகைத் துகள்கள் அதற்கு வாகாக அமைகின்றன. வெறும் பனியாக இருந்தால் மெல்லிய திரையாக நின்றிருக்கும். புகை கலந்ததும் சுவராகிவிடுகிறது. 2018ஆம் ஆண்டு சனவரி 13ஆம் நாள் போகிக் காலையில் சென்னை விமான நிலையத்தில் ஓடுபாதை தெரியாமல், வானூர்திகள் பல தாமதமாயின; பல திருப்பி விடப்பட்டன. எங்கோ ஒரு சந்தில் சிறுவர்கள் எரித்த டயர், வானத்தில் வரும் ஊர்தியை வேறு ஊருக்கு அனுப்புகிறது!

டயர் என்றதும் நான் ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். என் தந்தையார் சாலையோரத்தில் பஞ்சர் கடை வைத்திருக்கிறார். தேய்ந்த டயர்களும் ஒட்டுப்போட முடியாத டியூப்களும் ஆண்டு முழுவதும் கடைக்குப் பின்னால் குவியும். காயலான் கடைக்காரர் அவற்றுக்குக் கொடுப்பது சொற்பம். மார்கழி பிறந்துவிட்டால் சிறுவர்கள் கூட்டமாக வருவார்கள். சைக்கிள் டயருக்குப் பத்து ரூபாய், மோட்டார் சைக்கிள் டயருக்கு இருபது. பொங்கலுக்கு எனக்கும் தங்கைக்கும் துணி எடுத்ததில் அந்தப் பணமும் உண்டு. சிறுவனாக இருந்தபோது, டயர்களை உருட்டிக்கொண்டுபோய் நெருப்பில் தள்ளியவர்களில் நானும் ஒருவன். டயர் எரிந்து முடிந்தால் சாம்பலில் கம்பி வளையம் மட்டும் மிஞ்சும். ஆயாவை மருத்துவமனையிலிருந்து அழைத்துவந்த அன்று, எங்கள் தெருமுனைச் சாம்பலில் ஏழெட்டு வளையங்கள் கிடந்தன. அவை எந்தக் கடையிலிருந்து வந்தவை என்று நான் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

டயரில் என்னதான் இருக்கிறது? இயற்கை ரப்பர், செயற்கை ரப்பர், கரித்தூள், கந்தகம், துத்தநாக ஆக்சைடு, எண்ணெய்கள், எஃகுக் கம்பி. ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் அது உறுதிப்படும் என்று 1839இல் கண்டவர் சார்லஸ் குட்இயர். அந்தக் கந்தகம் இல்லாவிட்டால் சக்கரம் ஓடாது. ஆனால் எரிக்கும்போது அதே கந்தகம் கந்தக டை ஆக்சைடாக வெளிவருகிறது. மூக்கிலும் தொண்டையிலும் உள்ள ஈரத்தில் கரைந்து அமிலமாகிறது. இழுப்பு நோயாளியின் மூச்சுக்குழல் சுருங்க இது ஒன்றே போதும். தெருவில் எரியும் டயருக்குப் போதிய ஆக்சிஜன் கிடைப்பதில்லை. அதனால் அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடையும், பென்சீனையும், புற்றுநோயை உண்டாக்கவல்ல பல வளைய ஹைட்ரோகார்பன்களையும் கரும்புகையோடு கக்குகிறது. பழைய பி.வி.சி. குழாயும் விரிப்பும் இன்னொரு வகை. பி.வி.சி.யின் எடையில் பாதிக்கு மேல் குளோரின். எரித்தால் ஹைட்ரஜன் குளோரைடு வரும். டையாக்சின் என்னும் கொடிய நச்சுப்பொருள்களும் உருவாகும். ஆய்வகத்தில் ஹைட்ரோகுளோரிக் அமிலப் புட்டியைத் திறக்கும்போது தள்ளி நில்லுங்கள் என்று எங்கள் ஆசிரியர் எச்சரிக்கிறார். போகியன்று அதே வாயுவைச் சுற்றி நின்று குளிர்காய்கிறோம்!

அளவைப் பற்றி ஒரு சிறு கணக்கு. 2.5 மைக்ரானும் அதற்குக் குறைவுமான நுண்துகள்கள் நுரையீரலின் கடைசிச் சிற்றறை வரை போகக்கூடியவை. இவை ஒரு நாள் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 60 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2009இல் வெளியான நம் நாட்டுத் தரவரையறை கூறுகிறது. 2021இல் உலக சுகாதார நிறுவனம் 15க்கு மேல் போகவே கூடாது என்றது. நம் நாட்டு வரம்பையே எடுத்துக்கொள்வோம். ஒரே ஒரு கிராம் நுண்கரியை அந்த வரம்புக்குள் கொண்டுவர எவ்வளவு தூய காற்று வேண்டும்? 10 இலட்சம் மைக்ரோகிராமை 60ஆல் வகுத்தால் ஏறத்தாழ 16,667 கன மீட்டர். 10 மீட்டர் நீளமும் 8 மீட்டர் அகலமும் 4 மீட்டர் உயரமும் உள்ள வகுப்பறையில் 320 கன மீட்டர் காற்று இருக்கும். ஆகவே ஒரு கிராம் கரிக்கு 52 வகுப்பறைக் காற்று வேண்டும்! எரியும் டயரிலிருந்து எத்தனை கிராம் வரும், ஒரு தெருவில் எத்தனை டயர் எரியும் என்பதை நண்பர்களே பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம். மூடி பாதி உயரத்துக்கு இறங்கினால் கலப்பதற்குள்ள காற்றும் பாதியாகும். செறிவு இரு மடங்காகும்.

இந்த மூடியின் கொடுமையை உலகம் கண்டது இலண்டனில், 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை. கடுங்குளிரில் வீடுதோறும் நிலக்கரி எரிந்தது. புகைக்குப் போக இடமில்லை. ஏறத்தாழ 4,000 பேர் இறந்ததாக அன்று கணக்கிட்டார்கள். பின்னாளைய ஆய்வுகள் அதைவிடப் பன்மடங்கு சொல்கின்றன. கண்காட்சிக்கு வந்திருந்த கொழுத்த மாடுகள்கூட மூச்சுத்திணறி மாண்டன. 1956இல் தூய காற்றுச் சட்டம் பிறந்தது.

நம்மிடமும் சட்டத்துக்குக் குறைவில்லை. 1981இல் காற்று மாசுத் தடுப்புச் சட்டம் வந்தது. தெருவில் குப்பை எரிப்பதை 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகள் தடுத்தன. அதே ஆண்டு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அதற்கு 5,000 ரூபாய் தண்டம் விதிக்கலாம் என்றது. எங்கள் தெருவில் யாரும் தண்டம் கட்டிப் பார்த்ததில்லை. அண்மை ஆண்டுகளில் சென்னை மாநகராட்சி போகிக்கு முன்பே பழைய டயர், துணி, பாய் முதலியவற்றை வீடு வீடாக வாங்கிக்கொள்கிறது. என் கருத்தில், தண்டத்தைவிட இந்த வண்டியே பயனுள்ளது; அது எங்களைப்போன்ற சிற்றூர்த் தெருக்களுக்கும் வரவேண்டும். எரித்ததன் மறுநாள், தார்ச்சாலையோடு ஒட்டிக்கொண்ட ரப்பர்க் கரியைச் சுரண்டி எடுப்பவர் தூய்மைப் பணியாளர்தான். அவருக்கும் அன்று பொங்கல்.

"ஆலைகளும் லாரிகளும் ஆண்டெல்லாம் புகை விடுகின்றனவே, ஏழைச் சிறுவனின் ஒருநாள் நெருப்புத்தான் உங்கள் கண்ணில் பட்டதா?" என்று விடுதி நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆலைகளை நான் மன்னிக்கவில்லை. ஆனால் ஆலைப் புகை உயர்ந்த குழாய்வழி வருகிறது; போகிப் புகை மூக்கின் உயரத்தில், சன்னலுக்கு எதிரில் பிறக்கிறது. மரபு என்பாரும் உளர். கோரைப்பாயும் ஓலையும் தேய்ந்த துடைப்பமும் எரிந்த காலத்து மரபு அது. அதில் டயர் எப்போது நுழைந்தது? போகிக்கு எல்லோரும் மேற்கோள் காட்டும் அந்தப் பழைய அடி இருக்கிறதே, அது நன்னூல் என்னும் இலக்கண நூலில் வருவது; எரிப்பதைப் பற்றியதே அன்று.

கொங்குப் பகுதியில் போகியன்று வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்து வீட்டு முகப்பில் காப்புக் கட்டுகிறார்கள். இதை நான் அறிந்தது ஆயா வழியாகத்தான். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் எங்கள் அத்தை வீட்டுக்கு, இரண்டு போகிகளாக ஆயாவை முன்கூட்டியே அனுப்பிவிடுகிறோம். "இந்தத் தெருவுல ஒரு பொட்டுப் புகை இல்லடா" என்று தொலைபேசியில் சொன்னார். ஆனால் ஐம்பது ஆண்டுகளாகத் தன் கையால் பொங்கலிட்ட வாசலில் அவர் இல்லை. என் தாயார் தனியாகப் பானை வைக்கிறார்.

இந்த மார்கழியில் விடுமுறைக்குப் போனபோது, மேலே எழுதியதை எல்லாம் தந்தையாரிடம் சொன்னேன். மூடிக் கணக்கைப் பானையையும் தட்டையும் வைத்தே விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். "நான் குடுக்கலன்னா அடுத்த கடையில வாங்குவானுங்க" என்றார். அதற்கு என்னிடம் வேதியியல் விடை இல்லை. இரண்டு நாள் கழித்து, மோட்டார் சைக்கிள் டயர்களை எல்லாம் காயலான் கடை வண்டியில் ஏற்றிவிட்டார். சைக்கிள் டயர்களைச் சிறுவர்களுக்கே கொடுத்தார். "உருட்டி விளையாடறதுக்குன்னு சொன்னானுங்கப்பா" என்று என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். போகிக் காலையில் தெருமுனையில் மூன்று வளையங்கள் கிடந்தன. எதிர்வீடு மங்கலாகத் தெரிந்தது.

அன்று மாலை ஆயா தொலைபேசியில், "அடுத்த வருசம் நான் அங்கியே இருக்கலாமாடா?" என்று கேட்டார். நான் தந்தையாரிடம் கொடுத்தேன். அவர் சற்று நேரம் பேசாமல் வைத்திருந்துவிட்டு, "மாட்டுப் பொங்கலுக்கு வந்துடும்மா, மிச்சத்த அப்புறம் பாத்துக்கலாம்" என்றார்.