காவல்காரனுக்கு ஒரு கொக்கி

நம் இரத்தத்தில் டி செல் என்றொரு வெள்ளை அணு இருக்கிறது. நம்ம ஊர் டச்சுக் கோட்டையில் அந்தக் காலத்தில் நின்ற காவல்காரன் மாதிரி. கிருமி நுழைந்தால் பிடித்துவிடும். ஆனால் புற்றுநோய் செல் நம் உடம்பிலேயே பிறந்தது. சொந்த ஊர்க்காரனே திருடனானால்? காவல்காரன் பலநேரம் ஏமாந்துவிடுவான்.

இதற்குத்தான் ‘கார்-டி’ சிகிச்சை. (ஓட்டுகிற கார் இல்லீங்க!) நோயாளியின் டி செல்களைப் பிரித்தெடுத்து, ஆய்வகத்தில் அவற்றுக்குள் ஒரு புது மரபணுவைச் சேர்க்கிறார்கள். அதனால் செல்லின் மேல் கொக்கி மாதிரி ஒன்று உருவாகும். சிலவகை இரத்தப் புற்றுநோய் செல்களின் மேல் சிடி19 என்ற புரதம் இருக்கிறது. கொக்கி அதைப் பிடித்துக்கொள்ளும். இந்தச் செல்களைப் பெருக்கி, திரும்ப அந்த நோயாளிக்கே ஏற்றுவார்கள். அப்புறம் சண்டைதான்! கடும் காய்ச்சல் வரலாம். சிடி19 உள்ள நல்ல செல்களும் சேர்ந்தே அழியும்.

2012-இல் அமெரிக்காவில் எமிலி வைட்ஹெட் என்ற 6 வயதுச் சிறுமி இதனால் பிழைத்தாள். ஆனால் அங்கே செலவு கோடிக்கணக்கில். மும்பை ஐ.ஐ.டி.யும் டாடா நினைவு மையமும் சேர்ந்து உருவாக்கிய ‘நெக்ஸ்கார்19’ 2023-இல் அனுமதி பெற்றது. விலை வெளிநாட்டில் உள்ளதில் சுமார் பத்தில் ஒரு பங்கு. அப்படியும் பல லட்சம் ரூபாய். வலை இழுக்கும் வீட்டுக்கு அது இன்னும் எட்டாத விலைதான்.