பாதி வழியில் வந்த கோச்

பாம்பன், ராமேஸ்வரம் பக்கத்துச் சகோதரிகளுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும்; வடகடல் அடங்கிக் கிடக்கும். வாடை கிளம்பிவிட்டால் எல்லாம் தலைகீழ்! உடனே படகுகளைக் கடல் மாற்றிக் கட்டுவார்கள். படகு அதேதான், வலை அதேதான், ஆட்களும் அதே ஆட்கள்தாம்.

கால்பந்திலும் இப்படி ஒரு சேதி உண்டு. "பந்தாட்டமா!" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். பிள்ளை வளர்ப்பவர்களுக்கு இதில் விஷயம் இருக்கிறது.

சென்னையின் எஃப்.சி. என்ற நம் சென்னை அணி, 2018 மார்ச்சில் பெங்களூர் அணியை அதன் சொந்த ஊரிலேயே 3-2 என்று வென்று ஐ.எஸ்.எல். கோப்பையைக் கொண்டுவந்தது. கோச், இங்கிலாந்துக்காரரான ஜான் கிரிகரி. ஊரே அவரைக் கொண்டாடிற்று. அடுத்த பருவத்தில் என்ன ஆயிற்று தெரியுமா? பத்து அணிகளில் அதே அணி பத்தாவது!

2019-20 பருவம் இன்னும் மோசமாகத் தொடங்கியது. முதல் நான்கு ஆட்டங்களில் ஒரு கோல்கூட இல்லை. ஆறு ஆட்டங்கள் முடிந்தபோது கையில் இருந்தவை ஐந்தே புள்ளிகள். நவம்பர் கடைசியில் கிரிகரி விலகினார்.

டிசம்பரில் ஸ்காட்லாந்தில் பிறந்த ஓவன் கோய்ல் வந்து சேர்ந்தார். அவர் கைக்குக் கிடைத்தவர்கள் பெரும்பாலும் அதே ஆட்டக்காரர்கள்தாம். மிச்சமிருந்த பன்னிரண்டு ஆட்டங்களில் ஏழு வெற்றி, மூன்று சமம், இரண்டே தோல்வி! இருபத்து நான்கு புள்ளிகள் சேர்ந்து, அணி நான்காம் இடத்துக்கு ஏறிவிட்டது.

கோலே போடாமல் தவித்த அந்த அணியில் இருந்த லித்துவேனியாக்காரர் வால்ஸ்கிஸ், பருவ முடிவில் 15 கோல்களுடன் தங்கக் காலணிப் பரிசு பெற்றார். வலப்பக்கக் காவல்காரராக அறியப்பட்டிருந்த தமிழ்நாட்டுப் பிள்ளை எட்வின் வான்ஸ்பால், நடுக்களத்தில் நின்று ஆடினார்.

அரையிறுதியில் கோவா அணியைச் சென்னையில் 4-1 என்று வென்றார்கள். கோவாவில் 2-4 என்று தோற்றும், மொத்தக் கணக்கில் 6-5 என்று தப்பிப் பிழைத்தார்கள். வீட்டில் ரேழிக்கும் கூடத்துக்குமாக நடந்தவர்கள் எத்தனை பேரோ!

இறுதி ஆட்டம் 2020 மார்ச் 14 அன்று கோவாவில் நடந்தது. கொரோனா பயத்தால் ரசிகர்களை உள்ளே விடவில்லை. கைதட்ட ஆளில்லாத அந்த மைதானத்தில் கொல்கத்தாவின் ஏ.டி.கே. அணி 3-1 என்று வென்றது. கோப்பை கிடைக்கவில்லை.

ஆனாலும் யோசித்துப் பாருங்கள். கிரிகரி திறமையற்றவரா? கோப்பை தந்தவரே அவர்தானே! ஆட்டக்காரர்கள் உதவாக்கரைகளா? பிறகு வென்றவர்களும் அவர்கள்தானே! ஒரு சமயம் பலித்த முறை இன்னொரு சமயம் பலிப்பதில்லை, அவ்வளவுதான்.

அரைப் பரீட்சையில் மார்க் குறைந்து வரும் பிள்ளையை, "உனக்குப் படிப்பே வராது" என்று சொல்லிவிடாதீர்கள், அம்மா. சொல்லிக் கொடுக்கும் விதத்தை மாற்றிப் பாருங்கள். முதல் பரிசே வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. குழந்தை தலை நிமிர்ந்து பள்ளிக்கூடம் போகும், அது போதாதா?