முட்டையை உடைக்காதீர்கள், பில்லைத் தொலைக்காதீர்கள்

வள்ளூர், மீஞ்சூர், கும்மிடிப்பூண்டி பக்கம் கம்பெனி ஷிப்ட் முடிந்து வந்து நாட்டுக்கோழி வளர்ப்பவர்கள் பலர் சின்ன இன்குபேட்டர் வாங்கி வைத்திருக்கிறார்கள். அங்கே திரும்பத் திரும்ப ஒன்றையே பார்க்கிறேன். இருபத்தோராம் நாள் காலையில் முட்டையில் ஒரு விரிசல் விழும். உள்ளே கீச் கீச் என்று சத்தம் கேட்கும். வீடே சுற்றி நிற்கும். மதியம்வரை குஞ்சு வெளியே வராவிட்டால், "பாவம், திணறுது" என்று யாராவது நகத்தால் ஓட்டை உரிக்க ஆரம்பித்துவிடுவார்கள். மாலைக்குள் குஞ்சு ரத்தம் கசிந்து செத்துக் கிடக்கும். பலவீனமான குஞ்சு, தங்கவில்லை என்று பேசிக்கொள்வார்கள். அந்தக் குஞ்சுக்கு ஒரு பலவீனமும் இல்லை. அவசரம்தான் அதைக் கொன்றது.

உள்ளே நடப்பது இதுதான். பத்தொன்பது, இருபதாம் நாளில் குஞ்சு முட்டையின் அகன்ற பக்கத்தில் இருக்கும் காற்றறைக்குள் அலகை நுழைத்து முதல் மூச்சு விடுகிறது. பிறகு அலகு நுனியில் இருக்கும் சின்னக் கூர்முனையால் ஓட்டைக் குத்துகிறது. அதன் பிறகு மணிக்கணக்காகச் சும்மா கிடக்கும். நாம் பயப்படுவது இந்தக் கட்டத்தில்தான். ஆனால் சவ்வில் ஓடும் ரத்தம் உடம்புக்குள் திரும்புவதும், மிச்சமிருக்கும் மஞ்சள்கரு தொப்புள் வழியாக வயிற்றுக்குள் போவதும் இந்த நேரத்தில்தான். முதல் விரிசலிலிருந்து வெளியே வர 12 முதல் 24 மணி நேரம் ஆவது சாதாரணம். அதற்குள் ஓட்டை உரித்தால் ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும் சவ்வைத்தான் கிழிக்கிறீர்கள்.

ஆகவே முதல் விரிசல் கண்ணில் பட்ட நேரத்தை முட்டை மேலேயே பென்சிலால் எழுதுங்கள். இருபத்துநான்கு மணி நேரம் கை வைக்காதீர்கள். மூடியையும் திறக்காதீர்கள். நல்ல குஞ்சுகள்கூட ஓட்டுக்குள் ஒட்டிக்கொள்வதற்குப் பெரும்பாலும் மூடியைத் திறப்பதுதான் காரணம். ஒரு குஞ்சைப் பார்க்கத் திறக்கிறீர்கள், ஈரப்பதம் சட்டென்று இறங்குகிறது, பக்கத்தில் ஓட்டைக் குத்தி நிற்கும் நான்கு குஞ்சுகளின் மேல் சவ்வு காய்ந்து இறுகிவிடுகிறது. பொரித்த குஞ்சு பட்டினி கிடக்குமே என்று பதற வேண்டாம். உள்வாங்கிய மஞ்சள்கருவை வைத்தே இரண்டு, மூன்று நாள் தாங்கும். அடைகோழியின் கீழ் இருக்கும் முட்டையை எடுத்துப் பார்க்கும் வேலையே வேண்டாம்.

எப்போது கை வைக்கலாம்? விரிசல் விட்டு ஒரு முழு நாள் கடந்தும் மேற்கொண்டு உடைக்காமல் இருந்தால். ஓட்டைச் சுற்றிப் பாதி உடைத்தபின் நின்றுபோய், சவ்வு தோல் மாதிரி காய்ந்து பழுப்பேறி இருந்தால். கூரான பக்கத்தில் விரிசல் விட்டிருந்தால் குஞ்சு தலைகீழாக இருக்கிறது என்று பொருள். அதற்கு மட்டும் 24 மணி காத்திருக்காமல் மூச்சு விடுமளவு சின்னத் துவாரம் போடலாம், அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

செய்முறை இது. கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள். வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சு, சுத்தமான ட்வீசர், நல்ல வெளிச்சம் போதும். விரிசலைச் சுற்றி ஓட்டை மட்டும் சில்லுசில்லாக எடுங்கள், சவ்வை விட்டுவிடுங்கள். அதை ஈரப்பஞ்சால் ஒற்றிப் பாருங்கள். அலகுத் துவாரத்தில் தண்ணீர் இறங்கக் கூடாது. சிவப்பு நரம்பு தெரிந்தால் உடனே நிறுத்தி, முட்டையை மெஷினுக்குள் வைத்துவிட்டுச் சில மணி நேரம் கழித்துப் பாருங்கள். அலகை மெல்லுவதுபோல் அசைத்துக்கொண்டிருந்தாலும் நிறுத்துங்கள், மஞ்சள்கரு இன்னும் உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. நரம்பு தெரியாவிட்டால் சவ்வை மெல்ல விலக்கித் தலையை மட்டும் விடுவியுங்கள். கீழ்ப்பாதி ஓடு அப்படியே இருக்கட்டும், குஞ்சு தானே உதைத்து வெளியே வரும். தொப்புளில் ஒட்டியிருப்பதை இழுக்காதீர்கள். வெளியே வந்தபின் தொப்புளில் ஒரு சொட்டு டிங்சர் அயோடின் வையுங்கள். இவ்வளவு செய்தும் சில குஞ்சுகள் தங்காது.

மீண்டும் சொல்கிறேன்: சிவப்பு தெரிந்தால் நிறுத்துங்கள்.

இதெல்லாம் வீட்டுக் கோழி முட்டைக்கு. வயலில் கிடைத்த மயில் முட்டையைக் கொண்டுவந்து அடைகோழிக்கு வைப்பவர்களும் இருக்கிறார்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972 காட்டுப் பறவையின் முட்டையை எடுப்பதையே வேட்டை என்கிறது. மயில் முதல் அட்டவணையில் இருக்கிறது. தண்டனை குறைந்தது மூன்று ஆண்டு சிறை. முட்டையைக் கண்ட இடத்திலேயே விட்டுவிட்டு வனச்சரக அலுவலகத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.

மூடியைத் திறக்காமலிருந்தும் குஞ்சு ஏன் சிக்குகிறது? பெரும்பாலும் மெஷின், இல்லாவிட்டால் கரன்ட். விசிறி உள்ள மெஷினில் வெப்பம் 37.5 டிகிரி இருக்க வேண்டும். ஈரப்பதம் முதல் 18 நாள் 55 சதவீத அளவில், கடைசி மூன்று நாள் 65 முதல் 70. பதினெட்டாம் நாளோடு முட்டையைத் திருப்புவதை நிறுத்த வேண்டும். மெஷின் காட்டும் எண்ணை நம்பாதீர்கள். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை முட்டை மட்டத்தில் வைத்துச் சரிபாருங்கள். வெப்பம் ஏறினால் மஞ்சள்கரு உள்ளே போகுமுன் குஞ்சு முந்திக்கொள்ளும். குறைந்தால் நாள் தள்ளிப்போய், சோர்ந்து ஒட்டிக்கொள்ளும்.

கரன்ட் கதை தனி. 1,500 மெகாவாட் அனல்மின் நிலையம் இருக்கும் ஊர் வள்ளூர். அதன் பக்கத்துத் தெருவில் இருந்தாலும் இன்வெர்ட்டர் இல்லாவிட்டால் கரன்ட் போனால் போனதுதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது இந்தப் பகுதியில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. இடிக்குப் பயந்து அடைக்கூடையில் இரும்புத்துண்டும் கரியும் மறக்காமல் போடுகிற வீடுகளில், மின்தடைக்கு மட்டும் ஒரு ஏற்பாடும் இருக்காது. கரன்ட் போனால் மூடியைத் திறக்காமல், காற்றுத் துளையை அடைக்காமல், மெஷினைக் கம்பளியால் சுற்றுங்கள். சில மணி நேரக் குளிர்ச்சியைக் கரு தாங்கும், அதிக சூட்டைத் தாங்காது.

கரன்ட் ஒழுங்காக இருந்தும் இரண்டு முறை தொடர்ந்து ஓட்டுக்குள்ளேயே குஞ்சு செத்தால் விதியை நோகாதீர்கள், மெஷினைச் சந்தேகப்படுங்கள். அதற்கு முதலில் பில் வேண்டும். "ஜிபே பண்ணினேன், பில் கேட்கலை" என்று எத்தனை பேர் வந்து நிற்கிறார்கள்! பில், வாரன்டி அட்டை, மெஷின் காட்டிய வெப்பத்தையும் தெர்மாமீட்டர் காட்டியதையும் தேதியோடு எழுதிய தாள், இரண்டையும் ஒன்றாகக் காட்டும் போட்டோ ஆகியவற்றை ஒரே கவரில் வையுங்கள். செத்த முட்டைகளை அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் காட்டிக் கருத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். "கோழிக்குஞ்சுக்கெல்லாமா சர்ட்டிபிகேட்?" என்று சிரிப்பவர்கள் உண்டு. சிரித்து எழுதித் தர மறுத்தால் திங்கட்கிழமை திருவள்ளூர் ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் மனுவாகக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். வளர்ப்பு பற்றிய சந்தேகங்களுக்கு மாதவரத்தில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் கோழியின ஆராய்ச்சி நிலையமும், திரூரில் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன.

அடுத்து, விற்றவருக்கு எழுத்தில் புகார். போனில் கத்துவது புகார் ஆகாது. ஆன்லைனில் வாங்கியிருந்தால் அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரி 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். இது 2020 மின்வணிக விதி. நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிவு செய்யுங்கள். அதிலும் தீராவிட்டால் திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். விற்றவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்கிறது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. "குஞ்சு விற்கிறீர்கள், இது வியாபாரம், நீங்கள் நுகர்வோர் இல்லை" என்று எதிர்த்தரப்பு வாதாடலாம். சுயதொழிலாகப் பிழைப்புக்கு மட்டும் வாங்கிய பொருளுக்கு அந்த விலக்கு பொருந்தாது என்று அதே சட்டத்தின் இரண்டாவது பிரிவு சொல்கிறது. மனுவில் இந்த ஒரு வரியை விட்டுவிடாதீர்கள்.

வழக்குப் போடக் கெடு இரண்டு ஆண்டு. பில்லை இன்றே தேடி எடுத்து வையுங்கள். வெயில் பட்டு மை மங்கும் ரசீதாக இருந்தால் ஒரு நகல் எடுத்துவிடுங்கள்.