உஷார்! கருவி வரைந்த கிளாஸ் டயக்ராமை அப்படியே நம்பிவிடாதீர்கள்

திருச்சியில் வைவா சீசன் வந்துவிட்டால் தில்லை நகரிலும் சத்திரம் பேருந்து நிலையத்தைச் சுற்றியும் உள்ள ஜெராக்ஸ் கடைகளில் ஸ்பைரல் பைண்டிங்குக்குக் கூட்டம் நிற்கும். பைண்ட் ஆகிற ரிப்போர்ட்டுகளில் 'சிஸ்டம் டிசைன்' அத்தியாயத்தைப் புரட்டிப் பாருங்கள். ஜாவா நிரலை முதலில் எழுதி முடித்துவிட்டு, கடைசி நேரத்தில் அதை ஒரு கருவிக்குள் போட்டு, வந்த கிளாஸ் டயக்ராமை அப்படியே ஒட்டியிருப்பது பல ரிப்போர்ட்டுகளில் தெரியும். வெளியிலிருந்து வரும் எக்ஸ்டெர்னல் தேர்வாளர் ஒரே ஒரு கோட்டைத் தொட்டு, "இது ஏன் இங்கே வந்தது?" என்று கேட்டால் போதும், பதில் வராது.

இருக்கிற நிரலிலிருந்து படம் எடுப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. பழைய நிரலைப் புரிந்துகொள்ள அது நல்ல வழி. ஆனால் அந்தப் படத்தில் பொய்க்கோடுகளும் இருக்கும், விடுபட்ட கோடுகளும் இருக்கும். அது தெரியாமல் வேலை பார்ப்பதுதான் ஆபத்து.

ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசி தரிசனத்துக்கு முன்பதிவு செய்யும் ஒரு மாணவர் பிராஜெக்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'புக்கிங்' என்ற கிளாஸுக்குள் 'பக்தர்' பொருட்களின் லிஸ்ட் இருக்கிறது. ஒரு புக்கிங்கில் பல பக்தர்கள், அவ்வளவுதான் விஷயம். எளிய கருவிகள் சில இதைப் பார்த்துவிட்டு 'புக்கிங்' பெட்டிக்குள் 'லிஸ்ட்' என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விடும். 'பக்தர்' பெட்டி எந்தக் கோடும் இல்லாமல் ஓரமாகக் கிடக்கும். ஒன்றுக்குப் பல என்ற மல்டிப்ளிசிட்டியும் வராது. நிரல் இன்னும் பழையது என்றால் நிலைமை மோசம். ஜெனரிக்ஸ் ஜாவாவுக்குள் வந்தது 2004-இல், ஜாவா 5-இல். அதற்கு முந்தைய பாணியில் வெறும் 'லிஸ்ட்' என்று மட்டும் எழுதியிருந்தால், உள்ளே என்ன இருக்கிறது என்பது அந்த அறிவிப்பு வரியில் எங்குமே இல்லை.

அடுத்தது, கோட்டின் முனையில் வரும் வைரக்குறி. இதில்தான் அதிகம் பேர் மாட்டுகிறார்கள். புக்கிங்கை ரத்து செய்தால் அதற்குள் இருக்கும் டிக்கெட் வரிகளும் போய்விட வேண்டும். அது காம்போசிஷன், நிரப்பிய வைரம். ஆனால் காலை ஆறு மணி 'ஸ்லாட்' போகக் கூடாது, அடுத்த பக்தருக்கு அது வேண்டும். ஜாவாவில் இந்த இரண்டும் ஒரே மாதிரி ஃபீல்டாகத்தான் எழுதப்படுகின்றன. யாருக்கு யார் சொந்தம், யார் போனால் யார் போவார் என்பதைச் சொல்ல ஜாவாவில் தனிக் குறி கிடையாது. ஸ்ரீரங்கத்தின் வரைபடத்தில் உத்திர வீதியும் சித்திரை வீதியும் நாலு பக்கமும் அச்சாக விழுந்திருக்கும், ஆனால் தைத்தேர் எந்த வீதியில் திரும்பும், சித்திரைத்தேர் எதில் வரும் என்பதை ஊர்க்காரர்தான் சொல்ல வேண்டும். கருவியின் நிலையும் இதுதான். ஒன்று வெறும் கோடு போடும், இல்லை ஊகித்து வைரம் போடும். அந்த ஊகத்துக்கு வைவாவில் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

படிப்பு முடிந்து நவல்பட்டு எல்காட் ஐ.டி. பார்க்கிலோ சென்னையிலோ வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு ஆபத்து இதைவிடப் பெரிது. 'பேமென்ட் சர்வீஸ்' என்று ஒரு இன்டர்ஃபேஸ், அதற்கு யூ.பி.ஐ.க்கு ஒன்று, கார்டுக்கு ஒன்று என இரண்டு கிளாஸ்கள். ஸ்பிரிங் ஃப்ரேம்வொர்க் பயன்படுத்தும் நிரலில் புக்கிங்கிலிருந்து போகும் கோடு இன்டர்ஃபேஸோடு நின்றுவிடும். ஓடும் நேரத்தில் எந்த கிளாஸ் உள்ளே வந்து உட்காரும் என்பது படத்தில் இருக்காது. கிளாஸின் பெயரையே கான்ஃபிக் ஃபைலில் சரமாக எழுதி, ரிஃப்ளெக்ஷன் மூலம் ஏற்றும் பழைய நிரல்களும் உண்டு. அங்கே கோடே வராது. புதிதாக வந்த ஒருவர் படத்தைப் பார்த்து, "இந்த கிளாஸை யாருமே தொடவில்லையே" என்று அழித்துவிட்டால் கம்பைலரும் வாயைத் திறக்காது. புரொடக்ஷனில் பணம் கட்டுகிற நேரத்தில்தான் வெடிக்கும். எந்தக் கோடும் வந்து சேராத கிளாஸைக் கண்டால், அழிக்கும் முன் அதன் பெயரை கான்ஃபிக் ஃபைல்கள் உட்பட முழு பிராஜெக்டிலும் தேடுங்கள்.

கெட்டர், செட்டரைத் தானே உருவாக்கித் தரும் லாம்போக் லைப்ரரியைப் பயன்படுத்துகிறீர்களா? அவையெல்லாம் கம்பைல் நேரத்தில்தான் பிறக்கின்றன. சோர்ஸை மட்டும் படிக்கும் கருவிக்கு அவை தெரியாது.

இன்னொரு விஷயத்தைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். 'ஜிப் ஃபைலை அப்லோடு செய்யுங்கள், படம் தருகிறோம்' என்று அழைக்கும் முகம் தெரியாத தளங்களுக்கு நிரலைக் கொடுக்காதீர்கள். அந்த ஜிப்புக்குள் டேட்டாபேஸ் பாஸ்வேர்டு இருக்கிற புராப்பர்டீஸ் ஃபைலும் சேர்ந்தே போகும். கம்பெனி நிரல் என்றால் வேலைக்கே ஆபத்து. எழுதிய வரிகளைப் படமாக்கும் பிளான்ட்யூஎம்எல்-ஐப் பொது சர்வரில் பயன்படுத்தினால், நீங்கள் எழுதிய படத்தின் வரிகள் முழுவதும் சுருக்கப்பட்டு அந்த இணைய முகவரிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். அது ரகசியக் குறியாக்கம் அல்ல. லிங்க் கிடைத்த யாரும் பிரித்துப் படிக்கலாம். அதையே உங்கள் கணினியில் நிறுவி ஓட்டினால் இந்தக் கவலை இல்லை.

சொந்தக் கணினியிலேயே செய்ய வழி இருக்கிறது. ஜாவா 8 முதல் ஜே.டி.கே.யோடு 'ஜேடெப்ஸ்' வருகிறது. எந்த கிளாஸ் எதை நம்பியிருக்கிறது என்று பட்டியல் தரும், எதையும் வெளியே அனுப்பாது. ரிஃப்ளெக்ஷன் மட்டும் அதற்கும் தெரியாது. ஆரம்ப நிலை மாணவர்களுக்கு ப்ளூஜே என்ற எளிய ஜாவா எடிட்டரே போதும். கருவி எதுவானாலும் முழு பிராஜெக்டையும் ஒரே படமாக எடுக்காதீர்கள், ஏ4 தாளில் எறும்பு வரிசைதான் கிடைக்கும். ஒரு பேக்கேஜ், ஏழெட்டு கிளாஸ், கெட்டர் செட்டரை மறைத்துவிட்டு எடுங்கள். பிறகு பேனாவோடு உட்காருங்கள். ஒவ்வொரு வைரத்துக்கும் இந்தப் பொருளை உருவாக்குவது யார், வேறு யார் கையில் இருக்கிறது, தாய்ப்பொருள் போனால் இதுவும் போக வேண்டுமா என்று நிரலைப் பார்த்துச் சரி செய்யுங்கள். படத்தின் கீழே 'நிரலிலிருந்து எடுத்து, கையால் திருத்தியது' என்று எழுதிவிடுங்கள். கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

கைடுகளாக இருக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். படத்தில் ஒரு கோட்டைக் காட்டி, "இதற்கான வரியை நிரலில் காட்டு" என்று முதல் ரிவியூவிலேயே கேளுங்கள். ரிப்போர்ட் பைண்ட் ஆன பிறகு கேட்டால் திருத்துவதற்கு அந்தப் பிள்ளைகளுக்கு நேரம் இருக்காது.