ஏமாளியும் வெகுளியும்

ஆங்கிலப் பேச்சுவழக்கில் 'புஷ்ஓவர்' என்றொரு சொல் உண்டு. தள்ளினால் சாய்பவன் என்பது அதன் நேர்ப்பொருள். பிறர் சொல்லுக்கு எளிதில் இணங்குபவனையும், பிறர் தம் நலங்கருதி எளிதில் பயன்படுத்திக்கொள்ளத் தக்கவனையும் அது குறிக்கும். இதற்கு நேரான தமிழ்ச்சொல் யாதென வினவின், 'ஏமாளி' என்பதே பலர்க்கும் முதற்கண் தோன்றும். அது பொருந்துமா என்பதை ஈண்டு ஆராய்வாம்.

தள்ளினால் சாய்பவன் உண்மை அறியாதவனாக இருத்தல் வேண்டுவதில்லை. அறிந்தும் மறுக்கமாட்டாது இணங்குபவனும் அவனே. ஏமாளியோ அறியாது வீழ்பவன். முன்னவனை நம் மக்கள் 'வாயில்லாப் பூச்சி' என்பர். எதற்கும் உடன்படுபவனைத் 'தலையாட்டிப் பொம்மை' என்பர். ஆகவே ஆங்கிலம் ஒரு சொல்லுள் அடக்கியதைத் தமிழ் இருவேறு குறையாகப் பகுத்துள்ளது. ஒன்று மறுக்கும் துணிவின்மை; மற்றொன்று வஞ்சம் அறியாமை.

இனி, 'ஏமாறு' என்னும் வினையை நோக்குவாம். மாறு - மாற்று, தேறு - தேற்று என்பன போல, ஏமாறு - ஏமாற்று என்பனவும் தன்வினை பிறவினைகளாய் அமைந்தன. வஞ்சிக்கப்பட்டவன் 'ஏமாந்தேன்' எனத் தன்வினையாற் கூறுகின்றானேயன்றி, 'ஏமாற்றப்பட்டேன்' எனச் செயப்பாட்டு வினையாற் பேச்சில் கூறுவது அரிது. அரியலூர் மாவட்டத்து வரதராஜன்பேட்டைப் பகுதியில் முந்திரி மிகுதியாக விளைகின்றது. ஆங்கு ஒருவர், வாங்கியவர் பேச்சை நம்பி, கொட்டையைக் குறைந்த விலைக்கு விற்றுவிட்டு வீடு திரும்பினார் எனக் கொள்வோம். அவர் வாயில் வருவது 'ஏமாந்துவிட்டேன்' என்பதே. அத்தொடரில் வஞ்சித்தவன் இல்லை. எழுவாய் வஞ்சிக்கப்பட்டவரே, வினையும் அவருடையதாகவே நிற்கின்றது. பிறன் செய்த குற்றம் இலக்கணத்தில் தம் குற்றமாகி விடுகின்றது.

பெயர்ச்சொற்களிலும் இத்தகைய தீர்ப்பு உண்டு. 'இளிச்சவாயன்' என்பது எள்ளல்; 'ஏமாளி' என்பது பழி; 'அப்பாவி', 'வெகுளி' என்பன இரக்கம். இவற்றுள் 'வெகுளி'யின் வரலாறு வியப்புக்குரியது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாகச் சினத்தை அப்பெயரால் எண்ணுகின்றது. திருக்குறளின் 'வெகுளாமை' அதிகாரமும் சினத்தை விலக்குவதே. இன்றோ அச்சொல் கள்ளமற்றவனைக் குறிக்கின்றது. ஒருவர்க்கு நேர்ந்த ஒரே இழப்பைக் கண்டு, அவரை 'ஏமாளி' என்பதும் 'வெகுளி' என்பதும் கூறுவோன் உள்ளத்தைக் காட்டுமேயன்றி இழந்தவர் இயல்பைக் காட்டா.

இம்மாவட்டத்திலேயே கொள்ளிடத்துக்கு வடக்கே உள்ளது ஏலாக்குறிச்சி. திருக்காவலூர் எனப் போற்றி வீரமாமுனிவர் வாழ்ந்த ஊர் அது. அவர்தம் பரமார்த்த குரு கதை 1822இல் இலண்டனில் பாபிங்டன் என்பாரால் ஆங்கில மொழிபெயர்ப்புடன் அச்சிடப்பட்டது. அதில் சீடர் ஐவர்க்கும் மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் எனப் பெயர்கள் உண்டு. பூசணிக்காயைக் குதிரை முட்டை என விற்றவனுக்கோ பெயரே இல்லை! நகைப்பு முழுதும் வாங்கியவர் மேலது. விற்றவன் பொருளோடு கதையை விட்டு நீங்குகின்றான். எனினும் அந்நூலிலேயே இதற்கு மாறான பகுதியும் உண்டு. மாட்டின் நிழலில் அமர்ந்ததற்கும் கூலி வேண்டும் என மாட்டுக்காரன் வழக்கிடுகின்றான். ஊரில் தீர்ப்புக் கூறுவோன், நிழலுக்குக் கூலி காசின் ஓசையே எனத் தீர்த்து வைக்கின்றான். எளியோரின் அறிவு அங்கே வளரவில்லை. நடுநின்ற ஒருவன் அறிவே அவர்களைக் காத்தது.

சட்டமும் அந்நடுவோனின் நிலையிலேயே நிற்கின்றது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் வஞ்சகத்தைத் தண்டித்த 420ஆம் பிரிவின் எண், மோசக்காரனுக்குப் பெயராகவே மக்கள் வழக்கில் ஏறிவிட்டது. 2024 சூலை முதல் நாளிலிருந்து அக்குற்றம் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவின்கண் அமைகின்றது. நிதி நிறுவனங்களில் பணம் இட்டோரைக் காக்கத் தமிழ்நாட்டில் 1997இல் தனிச் சட்டமும் இயற்றப்பட்டது. இச்சட்டங்கள் வினவுவது 'ஏமாற்றியவன் யார்?' என்பதே. ஆனால் 'ஏமாந்தேன்' என நாணித் தன்னையே நொந்துகொள்பவர் முறையிட முன்வருவதில்லை. சொல் தந்த நாணம் வஞ்சகனுக்கு அரணாகின்றது.

ஆதலின், அகராதி தொகுப்போர் 'புஷ்ஓவர்' என்பதற்கு 'ஏமாளி' என ஒரு சொல்லில் பொருளெழுதி அமைதல் போதாது. அறிந்து இணங்குபவன், அறியாது வீழ்பவன் என்னும் வேறுபாட்டையும், ஒவ்வொரு சொல்லும் சுமக்கும் எள்ளல், பழி, இரக்கம் ஆகியவற்றையும் உடன் குறித்தல் வேண்டும். பேச்சில் அருகி வழங்கும் 'ஏமாற்றப்பட்டார்' என்னும் செயப்பாட்டு வடிவமும் மொழிக்கு வேண்டுவதே. பழியை உரியவனிடம் சேர்ப்பது அவ்வடிவமே என்பது எம் கருத்து.