கப்பலே இரத்த வங்கி

கடல்கடந்து கிறிஸ்தவ ஊழியத்துக்குச் செல்லும் இளைஞர் பிரசங்கிப்பார் என்றே எண்ணுகிறோம். 1978இல் தோன்றிய 'மெர்சி ஷிப்ஸ்' மருத்துவக் கப்பல்களில் அவர் பாத்திரமும் துலக்குவார். உணவு, தங்குமிடச் செலவையும் தாமே ஏற்பார். ஆப்பிரிக்கத் துறைமுகங்களில் நிற்கும் அக்கப்பல்களில் முகக்கட்டி, உதட்டுப் பிளவு முதலியவற்றுக்கு இலவசமாக அறுவை சிகிச்சை செய்கின்றனர்.

அங்கு இரத்தம் தேவைப்பட்டால் கொடையாளர் கப்பற்பணியாளரே. அழைப்பு வந்ததும் சமையற்கூடத்திலிருந்தும் இயந்திர அறையிலிருந்தும் பொருந்தும் வகையினர் வந்து படுப்பர். (ஊசிக்கு அஞ்சுவோரும் அவர்களுள் இருப்பர் போலும்!) தாம் இரத்தம் கொடுத்தவரைப் பின்னர் வார்டில் காணும் வாய்ப்பும் சிலருக்குக் கிட்டுகிறது. மொழி தெரியாது, கையைப் பற்றிக்கொள்வர்.

நம் வார்டுகளிலும் இரத்தத்துக்கு ஆள் தேடி அலையும் குடும்பங்களைக் காண்கிறோம். துணையிருப்போர் தம் இரத்த வகையை இன்றே செவிலியரிடம் கேட்டறியலாம்.