வலுவிழந்தவர் உள்ள குடும்பங்களுக்கு: உதவி நிறுவனத்தைத் தெரிவுசெய்யும்போது

முகாமில் இருந்தபோது செயற்கைக் கால் பொருத்துபவரும் இயன்மருத்துவரும் உங்களைத் தேடி வந்திருக்கலாம். ஊருக்குத் திரும்பியபின் நிலைமை வேறு. ஒரு நிறுவனம் வாகனத்தில் வந்து பெயர் பதிந்துகொண்டு போகும். சில வாரங்களில் இன்னொன்று வரும். எது தொடர்ந்து வரும் என்பதுதான் உங்களுக்கு முக்கியம்.

முதலில் பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரிடம் பதிவு செய்யுங்கள். தேசிய அடையாள அட்டை, வைத்திய அறிக்கை, கிராம அலுவலரின் கடிதம் ஆகியவற்றைக் கொண்டு செல்லுங்கள். உங்கள் பகுதியில் எந்த நிறுவனம் என்ன வேலை செய்கிறது என்று அவரிடமே விசாரிக்கலாம். வீட்டுக்கு வந்து படிவம் நிரப்புபவரைப் பற்றிச் சந்தேகம் இருந்தாலும் அங்கேயே கேளுங்கள்.

செயற்கைக் காலைப் பொறுத்தவரை, பொருத்துவது வேலையின் தொடக்கம் மட்டுமே. கால் இழந்த முதல் மாதங்களில் எஞ்சிய பகுதியின் வீக்கம் வற்றி அது மெலியும். அப்போது கிண்ணம் தளர்ந்து தோல் உரசிப் புண்ணாகும். வளரும் பிள்ளைக்குக் காலின் நீளமும் அடிக்கடி போதாமற்போகும். எனவே "எப்போது தருவீர்கள்?" என்று கேட்பதோடு நிறுத்தாமல், "தளர்ந்தால், உடைந்தால் யார் திருத்துவார், எங்கே, எவ்வளவு காலத்துக்கு?" என்றும் கேளுங்கள். இதற்குத் தெளிவான பதில் தராத நிறுவனத்தை விட, தூரத்தில் இருந்தாலும் நிலையான பட்டறை உள்ள இடமே நல்லது. யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் நிறுவனம் 1987 முதல் இயங்கி வருகிறது.

தூரம் சிறிய விடயமல்ல. புதுக்குடியிருப்பிலிருந்து யாழ்ப்பாணம் போகப் பரந்தன் வரை வந்து, அங்கிருந்து ஏ9 வீதியில் ஏற வேண்டும். அளவெடுக்க ஒரு முறை, பொருத்திப் பார்க்க இன்னொரு முறை, நடைப்பயிற்சிக்குச் சில நாட்கள். பேருந்துச் செலவு, தங்குமிடம், துணைக்கு வருபவரின் சாப்பாடு ஆகியவற்றை நிறுவனம் பொறுப்பேற்குமா என்று முன்கூட்டியே கேளுங்கள். கூலிக்குப் போகிற ஒருவர் துணைக்கு வந்தால் அவரது நாட்கூலியும் போகிறது. அதையும் சொல்லத் தயங்க வேண்டாம்.

சக்கர நாற்காலி என்றால் கிடைப்பதை அப்படியே வாங்கிவிடாதீர்கள். வைத்தியசாலைத் தளத்தில் ஓடும் நாற்காலியின் சிறிய முன்சக்கரங்கள் வன்னி மணலில் புதைந்துவிடும். வீட்டு வாசல், கிணற்றடி, மலசலகூடம் வரை தள்ளிப் பாருங்கள். காற்றடிக்கும் ரியூப் உள்ள சக்கரமானால் சைக்கிள் கடையிலேயே ஒட்டுப் போடலாம். முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவருக்கு மெத்தை இல்லாத நாற்காலி ஆபத்தானது: உணர்வற்ற இடத்தில் வரும் படுக்கைப்புண் உள்ளே எலும்பு வரை போகலாம். படுத்திருப்பவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை புரட்டுவதையும், தோலைத் தினமும் பார்ப்பதையும் வீட்டாருக்குக் கற்றுத் தருபவரைத் தெரிவுசெய்யுங்கள். மாதம் ஒரு முறை வந்து போகும் நிபுணரை விட அது பெரிய உதவி.

உதவி பெற்றுத் தருவதாகச் சொல்லி யாராவது பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம். மூலப் பத்திரங்களையும் கொடுக்காதீர்கள், பிரதி போதும். படம் எடுக்க வந்தால் மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. மறுத்ததற்காக உதவியை நிறுத்தக் கூடாது.

வலுவிழந்த பிள்ளையைப் பாடசாலையில் சேர்க்க மறுத்தால், வலுவிழந்தவர்களின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் அத்தகைய பாகுபாட்டைத் தடைசெய்கிறது என்று எடுத்துச் சொல்லுங்கள். அதன்பின்னும் மறுத்தால் வலயக் கல்விப் பணிமனைக்கு எழுத்தில் முறையிடுங்கள்.

உபகரணம் தந்த இடம், திகதி, திருத்திய நாட்கள் எல்லாவற்றையும் கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள். நிறுவனம் மாவட்டத்தை விட்டுப் போய்விட்டால், அடுத்த இடத்தில் காட்ட அது உதவும்.